பிரித்துத் தைத்த கட்டு

அத்தியாயம் 9

மணி பத்தேகால். மூன்று மணிக்கு வழக்கைக் கூப்பிடுவார்கள்.

டெய்லரம்மா தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலியைக் கண்ணால் காட்டிவிட்டு, காலால் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசி தடதடவென்று இறங்கி ஏறியது. ஊசிக்கு அடியில் துணியே இல்லை என்பதை ரேடியோதான் முதலில் பார்த்தான்.

“ஏம்மா, காத்துக்குச் சட்டை தைக்கறீங்களா? அளவு எடுத்தாச்சா?”

“நிறுத்தினா அழுதுடுவேன் தம்பி. அதான் மிதிச்சுட்டே இருக்கேன்.”

ரேடியோ வாயை மூடினான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை. நாற்பது வயதில் அவனுக்கு அந்தப் பட்டம் வந்ததே வாயால்தான். ஒரு தடவை திருகிவிட்டால் அணைக்கிற குமிழ் கிடையாது என்று கண்டுபிடித்துப் பெயர் வைத்தவள் அவனுடைய முதலாளி சம்மனக்கா.

சம்மனக்காவுக்கும் அது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. நீதிமன்றத்துச் சம்மன்களை இருபத்தாறு வருடம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள். ‘ஊர்ல இல்லேன்னு சொல்லு’ என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்ட கனவான்களிடம், கட்டிலுக்கு அடியிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவள். ஓய்வு பெற்ற பிறகு அந்த மூக்கைச் சும்மா வைத்திருக்க மனசு வராமல், துப்பறியும் நிலையம் என்று ஒரு பலகையை மாட்டிவிட்டாள்.

“மெஷின் ஓடட்டும். வாய் பேசட்டும். முதல்லேர்ந்து சொல்லும்மா,” என்றாள் சம்மனக்கா.

டெய்லரம்மாவின் கணவர் பெயிண்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். அவர் விட்டுப்போனது இந்த வீடு ஒன்றுதான். முன்கூடத்தில் நாலு மெஷின், பின்னால் ஓர் அறை, சமையலறை. பதினாறாம் நாள் முடிந்த கையோடு கொழுந்தன் வழக்குப் போட்டான். வீடு தன்னுடையதாம், அண்ணன் பெயரில் இருந்தது பெயருக்குத்தானாம்.

“வக்கீல் சிரிச்சார்க்கா. ‘கவலைப்படாதே தங்கச்சி, அவன் கையில ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லே, வெறும் வாய்’னார். மூணு வருஷமா ஒரு வாய்தா தவறினதில்லே. அவரோட கறுப்பு அங்கிக்குக் காலர் நைஞ்சு போச்சுன்னு நான்தான் மாத்தித் தைச்சுக் கொடுத்தேன். அவ்வளவு நல்ல மனுஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டு திரும்பி வந்துடுச்சு.”

கட்டு என்றால் வழக்குக் காகிதம் மொத்தமும். அதன் மேல் நாலு வரியில் ஒரு கடிதம். ‘சொந்தக் காரணங்களால் இவ்வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன். தாங்கள் வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.’ அதோடு சரி. போன் அடித்தால் எடுக்கவில்லை.

“ஏழு வக்கீல் படியேறிட்டேன். மூணு வருஷம் நடத்தினவரே கடைசி நாள்ல கையைக் கழுவிட்டார்னா, உள்ளே ஏதோ இருக்குன்னு எல்லாரும் பயப்படறாங்க. கட்டை ஒரு விரல்நுனியால தொட்டுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

“எட்டாவது?” என்றான் ரேடியோ.

“நான் வர்றதைப் பார்த்துட்டு ஜன்னலைச் சாத்திட்டார்.”

ரேடியோவுக்கு அதற்கு ஒரு ஜோக் இருந்தது. தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டான்.

“இன்னிக்கு யாரும் நிக்கலேன்னா என் பக்கத்தை மூடிடுவாங்களாம். வீடு போயிடும். எனக்குப் போக்கிடம் கிடையாதுக்கா. அம்மா வீடு கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது. நாலு மெஷினையும் தெருவுல வெச்சுக்கிட்டு எங்கே உக்காருவேன்?” மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

சம்மனக்கா கட்டை மடியில் வைத்துப் புரட்டினாள். இருநூறு பக்கம் இருக்கும். இடது ஓரத்தில் மூன்று இடத்தில் ஊசி நூல் போட்டு, புத்தகம் மாதிரி தைத்திருந்தது. எல்லா வக்கீல் ஆபீசிலும் குமாஸ்தாக்கள் இப்படித்தான் தைப்பார்கள். அவள் ஓரத்தைத் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள். பிறகு கட்டை மெஷின் பலகை மேல் வைத்தாள்.

“சட்டம்னா நான் பார்ப்பேன். இது தையல் சமாச்சாரம். உன் தொழில். நீதான் சொல்லணும்.”

டெய்லரம்மாவின் கால் நின்றது. வீட்டில் திடீரென்று சத்தமே இல்லை. அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கட்டைக் கையில் எடுத்தாள். அழுகிற முகம் போய், ‘இந்தத் துணியை யாரிடம் கொடுத்துக் கெடுத்தீங்க’ என்று கேட்கிற முகம் வந்தது.

“இது பிரிச்சுத் தைச்சது.”

“எப்படிச் சொல்றீங்க?” என்றான் ரேடியோ.

“ஓட்டையைப் பாருங்க. இது கோணி தைக்கற ஊசி, பெருசு. பக்கத்துலயே இன்னொரு ஓட்டை, பட்டன் தைக்கற சின்ன ஊசி. நூலும் வேற. முடிச்சு முன்பக்கம் நிக்குது. தொழில் தெரிஞ்ச எவனும் முடிச்சை முன்னாடி விடமாட்டான். இதைத் தைச்ச கை, இதுக்கு முன்னாடி ஊசியே பிடிச்சதில்லே.”

“அப்போ குமாஸ்தா தைக்கலை. அந்த ஆள் முப்பது வருஷமாத் தைக்கறவர்,” என்றாள் சம்மனக்கா. “வீட்டு ஊசியை எடுத்து வக்கீலே உக்காந்து தைச்சிருக்கார். இப்போ ஒவ்வொரு பக்கமா ஜன்னலுக்கு நேரே பிடி. எதுல ஒரே ஓட்டை இருக்குன்னு பாரு.”

கட்டைப் பிரித்தார்கள். ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் டெய்லரம்மா. பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை. பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை. ரேடியோவுக்குக் கொட்டாவி வந்த நேரத்தில் அவள் கை நின்றது.

“இதுல சின்ன ஓட்டை மட்டும்தான் இருக்கு.”

உள்ளே என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று வரிசை போட்டிருக்கும் பட்டியல் அது. ஒன்றிலிருந்து பதினாலு வரை.

“பட்டியலைப் புதுசா அடிச்சு மாத்திச் செருகியிருக்கார்,” என்றாள் சம்மனக்கா. “பட்டியலை ஏன் மாத்துவாங்க? பழைய பட்டியல்ல பதினஞ்சு இருந்திருக்கும். ரேடியோ, செருப்பைப் போடு. அந்தப் பதினஞ்சாவது காகிதம் எதிர்ப்பக்கம் கொடுத்ததா இருந்தா, அசல் கோர்ட்லதான் இருக்கும்.”

மணி பதினொன்றரைக்கு மூவரும் நீதிமன்றத்தின் ஆவண அறையில் நின்றார்கள். அங்கே காகிதம் இல்லாத இடத்தில் தூசி இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் சம்மனக்காவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

“ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு கேக் வெட்டினோமே, ஞாபகம் இருக்கா?”

“ஞாபகம் இருக்கு. எனக்குச் சின்னத் துண்டுதான் கொடுத்தீங்க. இவங்க பிரதிவாதி. அவங்க வழக்கை அவங்க பார்க்க உரிமை உண்டு. மனு இதோ.”

“மனு கொடுத்தா மூணு நாள் ஆகும்.”

“மூணு நாள் கழிச்சு இவங்களுக்கு வீடு இருக்காதும்மா,” என்றான் ரேடியோ. அதில் ஜோக் எதுவும் இல்லாததால் அந்த அம்மாளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய்க் கட்டை எடுத்து வந்தாள்.

கடைசியில் இருந்தது. பத்து நாளுக்கு முன்னால் கொழுந்தன் தரப்பில் புதிதாகச் சேர்த்த ஆவணம். ஒரே ஒரு தாள். டெய்லரம்மாவின் கணவர் ஐந்து வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்ததாக ஒரு பிரமாணப் பத்திரம். ‘இந்த வீடு என் தம்பியுடையது. என் பெயரில் இருப்பது பெயருக்கு மட்டுமே.’ கீழே அழகாக, நடுக்கமில்லாமல் கையெழுத்து. தேதி, ஜூலை பதினொன்று.

டெய்லரம்மா தேதியைப் பார்த்தாள். “பொய். பச்சைப் பொய். ஜூன் கடைசியில சாரத்துலேர்ந்து விழுந்து வலது கையில மாவுக்கட்டு. நாப்பது நாள் நான்தான் ஊட்டி விட்டேன். பேனாவை எங்கே பிடிச்சார்?”

“ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?”

“வெள்ளையடிக்கும்போது எங்கேயோ போயிடுச்சுக்கா. நான் சொல்றதை நம்ப மாட்டாங்களா?”

“பெண்டாட்டி சொல்றதை யார் நம்புவா? கீழே படி.”

கீழே, ‘மேற்படி நபர் என் முன்னிலையில் நேரில் வந்து கையெழுத்திட்டார்’ என்று ஒரு வரி. அதன் கீழ் நோட்டரியின் கையெழுத்து. ஊதா மையில் வட்ட முத்திரை. முத்திரையைச் சுற்றியிருந்த எழுத்தை டெய்லரம்மா விரல் வைத்துப் படித்தாள். பாதி வட்டம் போனதும் விரல் நின்றுவிட்டது. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“நம்ம வக்கீல்,” என்றாள். “இது நம்ம வக்கீலோட பேரு.”

பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘நகல் பெற்றுக்கொண்டேன்’ என்று அதே மனிதரின் கையெழுத்து. வழக்கமாகக் குமாஸ்தா போடுகிற இடம் அது.

ரேடியோவுக்கு ரத்தம் கொதித்தது. “ஆஹா! அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கத்துக்கு முத்திரை குத்திட்டு, மூணு வருஷமா இந்தப் பக்கத்துல தங்கச்சி தங்கச்சின்னு கொஞ்சிட்டு, கழுத்தறுக்கற நேரத்துல விலகிட்டார். ரெண்டு பக்கமும் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கார்க்கா இந்த ஆள்!”

“விலைபோனவனா இருந்தா விலகாம கூடவே இருந்து தோத்திருப்பான். அதுதான் சுலபம்,” என்றாள் சம்மனக்கா. அவள் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ போய் மூணு டீ வாங்கிட்டு வா. மெதுவா வா.”

“மெதுவாவா? மணி என்ன தெரியுமா?”

“தெரியும். அதனாலதான் உன்னை அனுப்பறேன்.”

ரேடியோ டீயோடு திரும்பியபோது பெஞ்ச் காலியாக இருந்தது. கால் மணி கழித்து இருவரும் நீதிமன்ற அறைப் பக்கமிருந்து வந்தார்கள். டெய்லரம்மாவின் விரலில் பேனா மை ஒட்டியிருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டான். டீ ஆறிவிட்டது என்றாள் சம்மனக்கா.

வக்கீல் ஆபீஸ் ஒரு மாடிப்படியின் உச்சியில் இருந்தது. ஏறும்போது டெய்லரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். மணி ஒன்று.

முன்னறையில் குமாஸ்தா மேஜைக்குப் பின்னால் இருந்தார். ரேடியோவுக்கு அவரைத் தெரியும். பூனை உள்ளே வந்தாலும் எழுந்து நின்று கும்பிடுகிற ரகம். இன்று உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

“ஐயா ஊர்ல இல்லீங்க. வர ஒரு வாரம் ஆகும்.”

“எந்த ஊர்?” என்றான் ரேடியோ.

“சொல்லிட்டுப் போகலீங்க.”

“நல்லவேளை, திரும்பி வர வழியாவது சொல்லி அனுப்பினீங்களா?”

குமாஸ்தா சிரிக்கவில்லை. அவருடைய நாற்காலித் திண்டு ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மூல நோய்க்காரர், பாவம், திண்டு இல்லாமல் எப்படி உட்காருகிறார் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சத்தம் எதுவும் இல்லை.

சம்மனக்கா அந்தக் கதவுக்கு எதிரே போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். நீதிமன்ற வாசலில் டவாலி வழக்கைக் கூப்பிடுகிற அதே ராகத்தில், அதே இழுவையில், கட்டடம் அதிர ஒரு குரல் கொடுத்தாள்.

“நூத்திப் பதினேழூ! வாதி வக்கீல்! பிரதிவாதி வக்கீல்!”

“ஆஜர்!” என்றது உள்ளறை.

குமாஸ்தா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“முப்பத்தோரு வருஷப் பழக்கம். மனுஷன் ஒளிஞ்சுக்கலாம், நாக்கு ஒளிஞ்சுக்காது,” என்று சொல்லிவிட்டு சம்மனக்கா கதவைத் திறந்தாள்.

வக்கீல் மூன்று நாள் தாடியோடு இருந்தார். மேஜையில் கடித்துவிட்டு வைத்த ரொட்டி காய்ந்து கிடந்தது. ஆணியில் கறுப்பு அங்கி தொங்கியது. டெய்லரம்மா முதலில் அதன் காலரைப் பார்த்தாள், பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

“ஏன் அண்ணே?” என்றாள். அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் தயாராக இல்லை. சட்டப்படி கேட்டிருந்தால் சட்டப்படி பதில் சொல்லியிருப்பார்.

“நான் விலைபோகலை தங்கச்சி. உன் புருஷனை உயிரோட நான் பார்த்ததே இல்லே. நம்பு.”

“முத்திரை உங்களோடதுதானே?” என்றாள் சம்மனக்கா.

“முத்திரை என்னோடது. கையெழுத்தும் என்னோடது. ஆனா அந்தக் காகிதம் என்னோடது இல்லே.” அவர் நாற்காலியில் சரிந்தார். “அப்போ நோட்டரி வேலையும் பார்த்துட்டிருந்தேன். காலையில ஆள் வரிசையா நிக்கும், எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாயிடும். அதனால திங்கட்கிழமை காலையில இருபது வெறும் தாள்ல அடியில கையெழுத்துப் போட்டு குமாஸ்தாகிட்ட கொடுத்துட்டுப் போயிடுவேன். யார் வந்தாலும் விசாரிச்சு, மேலே எழுதி, முத்திரை குத்திக்கோன்னு. எல்லாரும் செய்யறதுதான்னு செஞ்சேன். அதுல ஒரு தாள் எங்கேயோ போயிருக்கு. பத்து நாளைக்கு முன்னாடி எதிர்ப்பக்கத்துலேர்ந்து நகல் வருது. பிரிச்சா என் முத்திரை என்னையே பார்க்குது.”

“உடனே கிழிச்சுட்டு, பட்டியலை மாத்தி, ஊசி எடுத்து உக்காந்துட்டீங்க.”

“கிழிக்கலை. இதோ இருக்கு.” மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். “அவ பார்க்கக் கூடாதுன்னு எடுத்தேன். வெட்கம். வேறென்ன சொல்ல?”

ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. “ஐயா, உங்க வெட்கத்துக்கு இவங்க வீட்டையா விலையாக் கொடுக்கறது? கோர்ட்ல போய் ‘அது பொய்’னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே!”

“எப்படிச் சொல்றது? அவளுக்கு வக்கீலா நின்னுட்டு, அதே வழக்குல நானே சாட்சியும் சொல்ல முடியாது. சட்டம் விடாது. சொன்னாலும், எப்படித் தெரியும்னு கேப்பாங்க. வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு என் வாயாலயே சொல்லணும். அன்னிக்கே என் அங்கியைக் கழட்டிடுவாங்க.” ஆணியில் தொங்கிய அங்கியைப் பார்த்தார். “அதுவும் போகட்டும்னு ஒரு நாள் துணிஞ்சேன். நோட்டரி முன்னாடி யார் வந்தாலும் வரிசை எண் போட்டு, ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கணும். அந்த வருஷத்து ரிஜிஸ்டரைக் காட்டினா போதும், அன்னிக்கு உன் புருஷன் வரலைன்னு தெரிஞ்சுடும். ஒரு வாரமா இந்த ரூமைத் தலைகீழாக் கவுத்துட்டேன். காணோம். அது இல்லாம நான் போய் நின்னா, கட்சிக்காரிக்காகப் பொய் சொல்றான்னு சிரிப்பாங்க. என் தொழிலும் போகும், உன் வீடும் போகும். அதான் விலகிட்டேன்.”

டெய்லரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். மணி ஒன்றே முக்கால். ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்ல எதுவும் இல்லாமல் நின்றான். இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் இல்லாத ஒரு புத்தகத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது எல்லாம்.

சம்மனக்கா மட்டும் முன்னறைக்குப் போனாள்.

“குமாஸ்தா ஐயா, இருபத்தாறு வருஷமா உங்களைத் தெரியும். நான் வந்து நீங்க எழுந்திருக்காம இருந்ததே இல்லே. முழங்கால் வலியா?”

“ஆமாங்க, வாதம்.”

“திண்டு ஜன்னல்ல இருக்கு. திண்டு இல்லாமலே இன்னிக்கு நீங்க ஒரு சாண் உசரமா இருக்கீங்க. எழுந்திருங்க.”

குமாஸ்தா எழுந்திருக்கவில்லை. அவர் கண் வாசலுக்குப் போனது. வாசலில் ரேடியோ நின்றான்.

“உக்காந்தே இருங்க ஐயா, அவசரமில்லே. முட்டை பொரிஞ்சதும் சொல்லுங்க,” என்றான். குரல் திரும்ப வந்ததில் அவனுக்கே சந்தோஷம்.

குமாஸ்தா எழுந்தார். நாற்காலியில் நீல அட்டை போட்ட தடிப் புத்தகம் இருந்தது. முதுகில் அந்த வருடம் ஒட்டியிருந்தது.

“இன்னிக்கு எரிச்சுடலாம்னு எடுத்தேன். ஐயா மூணு நாளா வீட்டுக்கே போகாம உள்ளயே கிடக்கார். வெளியே கொண்டுபோக வழியில்லே,” என்றார் குமாஸ்தா. “அவங்க கொழுந்தன் வந்து கெஞ்சினான். ஐயா கையெழுத்துப் போட்ட ஒரு தாள்தானேன்னு, முத்திரையும் குத்திக் கொடுத்துட்டேன். வழக்கு இங்கேயே வந்து சேரும்னு கனவா கண்டேன்? ஐயா முகத்தை மூணு வருஷமா நிமிர்ந்து பார்க்கலை நான்.” அவர் அழுதார். யாரும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

ஜூலை பதினொன்றின் பக்கத்தில் ஆறு பேர் கையெழுத்து இருந்தது. டெய்லரம்மா ஆறையும் மூன்று தடவை படித்தாள். அவள் கணவர் அதில் இல்லை.

“அப்புறம் என்ன, தூக்கிட்டு ஓடலாம்!” என்றான் ரேடியோ.

“புத்தகம் தானா வாய் திறந்து பேசாது. வெச்சிருந்தவர் வந்து சொல்லணும்,” என்றாள் சம்மனக்கா.

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். “சொன்னேனே. வக்கீல் சாட்சியா ஏற முடியாது.”

“நீங்கதான் இப்போ வக்கீல் இல்லையே ஐயா.”

அவர் நிமிர்ந்தார்.

“வெள்ளிக்கிழமை விலகிட்டீங்க. கடிதம் கொடுத்தாச்சு, கட்டைத் திருப்பியாச்சு. தப்பிச்சு ஓடறதுக்குன்னு நீங்களே ஒரு கதவைத் திறந்தீங்க. அது நேரா சாட்சிக் கூண்டுக்குத்தான் போகுது. விலகாம இருந்திருந்தா உங்களால இவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லே.” சம்மனக்கா திரும்பினாள். “கொடும்மா.”

டெய்லரம்மா கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். மேலே நீதிமன்ற முத்திரை, ஈரம் காயாதது. ரேடியோ டீ வாங்கப் போன நேரத்தில் நீதிபதி முன்னால் அவளே நின்று, தன் கையால் எழுதிய மனுவை நீட்டி வாங்கிய சம்மன். மூன்று மணிக்கு ஆளைக் கொண்டு வந்தால் கேட்கிறேன், வராவிட்டால் உங்கள் பக்கத்தை முடித்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார்.

வக்கீல் அதை வாங்கவில்லை. கைகள் மேஜைக்கு அடியில் இருந்தன.

“வாங்கலைன்னா கதவுல ஒட்டிட்டுப் போகலாம்னு அக்கா சொன்னாங்க,” என்றாள் டெய்லரம்மா. “நான் ஒட்ட மாட்டேன் அண்ணே. நீங்களா வாங்கினா வாங்குங்க. உங்க அங்கி போயிடும்னு எனக்குத் தெரியும். அந்தக் காலரைத் தைச்சவ நான். போக வேண்டாம்னு சொல்ல எனக்கும் வாய் வருது. ஆனா எனக்கு வேற வீடு இல்லே.”

வெகு நேரம் கழித்து ஒரு கை மேலே வந்தது. சம்மனை வாங்கியது. வாங்கியதற்கு அடையாளமாகக் கையெழுத்தும் போட்டது. வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை.

மூன்று அடித்துப் பத்து நிமிடம். நீதிமன்ற அறையில் மின்விசிறிக்குக் கீழே கொழுந்தன் தன் வக்கீலோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு டெய்லரம்மா நின்றாள். அவள் பக்கத்து வக்கீல் நாற்காலி காலியாக இருந்தது.

“நூத்திப் பதினேழு! பிரதிவாதி வக்கீல்?” என்றார் டவாலி.

“வக்கீல் இல்லீங்க,” என்றாள் டெய்லரம்மா. “சாட்சி இருக்கார்.”

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். கூப்பிடச் சொன்னார். டவாலி வாசலுக்குப் போய்ச் சாட்சியின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். வராந்தாவில் ஒரு செருப்புச் சத்தம் வந்து கடந்து போனது. வேறு யாரோ.

இரண்டாவது தடவை கூப்பிட்டார். கொழுந்தனின் வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். ரேடியோ சம்மனக்காவைப் பார்த்தான். சம்மன் கொடுத்தே வாழ்ந்தவள், கொடுத்த சம்மனுக்கு ஆள் வருவானா என்று தெரியாமல் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை. மூன்றோடு சரி.

“ஆஜர்.”

குரல் வக்கீல்கள் வரிசையிலிருந்து வரவில்லை. பின்னால், வழக்குக்கு வந்த சனங்கள் உட்காரும் பெஞ்சின் மூலையிலிருந்து ஒருவர் எழுந்தார். முகம் மழித்திருந்தார். வெள்ளைச் சட்டை மட்டும்தான், அங்கி இல்லை. எப்போது வந்து உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கொழுந்தனின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர் கூண்டில் ஏறினார். ஏறும்போது பழக்கத்தில் அங்கியின் நுனியைத் தூக்கக் கை கீழே போனது, ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று சொன்னார். நீதிபதிக்கு அவரை முப்பது வருடமாகத் தெரியும். இருந்தாலும் முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“தொழில்?”

வக்கீல் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். டெய்லரம்மாவைப் பார்த்தார்.

“வக்கீல்,” என்றார். “இன்னிக்கு இந்த நேரம் வரைக்கும்.”

டெய்லரம்மா அப்போதுதான் அழுதாள்.